இதயத்தின் கடமைகள்: பாஹ்யா பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பாஹ்யா இப்னு பாகுதா யார்?

11ஆம் நூற்றாண்டில், முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயினில் வாழ்ந்த யூத நீதிபதி. ‘இதயத்தின் கடமைகள்’ என்ற நூலை 1080 வாக்கில் அரபு மொழியில் எழுதினார். யூதா இப்னு திப்போன் 1161இல் தொடங்கி அதை எபிரேயத்துக்குக் கொண்டுவந்தார். நூலில் பத்து வாயில்கள், அதாவது அதிகாரங்கள். கடவுளின் ஒருமையில் தொடங்கி இறையன்பில் முடியும்.

கேள்வி: மனம் சுத்தமாக இருந்தால் போதும், சடங்கு வேண்டாம் என்கிறாரா?

இல்லவே இல்லை. நூலைக் கையில் எடுக்கும் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். சட்டம் தெரிந்து தீர்ப்புச் சொன்னவர் அவர். தொழுகை, ஓய்வுநாள், தானம் எல்லாம் உடலின் கடமைகள், அவை கட்டாயம். ஆனால் உள்ளம் சேராத செயல் முழுமையாகாது என்கிறார். உடலின் கட்டளைகள் தோரா என்ற யூத வேதத்தின் 613 கட்டளைகளுக்குள் அடங்கிவிடும், இதயத்தின் கடமைகளுக்கு எல்லையே இல்லை. அப்படியிருந்தும் அவற்றுக்கென்று தனி நூல் இல்லையே என்பதுதான் அவருடைய வருத்தம்.

முன்னுரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மணவிலக்குச் சட்டத்தில் எங்கோ அரிதாக வரும் சிக்கல் ஒன்றை ஒருவர் அறிஞரிடம் கேட்கிறார். தெரியாமல் போனாலும் உனக்குக் கேடில்லாத ஒன்றைக் கேட்கிறாயே, தெரிந்தே ஆக வேண்டியதையெல்லாம் கற்று முடித்துவிட்டாயா என்று அறிஞர் திருப்பிக் கேட்கிறார்.

கேள்வி: பாஹ்யாவுக்கும் கபாலாவுக்கும் என்ன தொடர்பு?

கபாலா என்பது யூத மறைஞான மரபு. அதன் முதன்மை நூலான சோஹர் வெளிவந்தது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில். இவர் அதற்கு இருநூறு ஆண்டு முந்தியவர், ஆகவே இவரைக் கபாலாவில் சேர்க்க முடியாது.

கேள்வி: எல்லாம் இறைவன் பார்த்துக்கொள்வான் என்று வேலையை விட்டுவிடலாமா?

கூடாது. நான்காம் வாயில் முழுக்க இறைநம்பிக்கை பற்றியதுதான். அதிலேயே, கடவுள் காப்பார் என்று நஞ்சைக் குடிக்காதே என்கிறார். தொழில் செய்ய வேண்டும். ஆனால் சோறு போடுவது தொழில்தான் என்று நினைக்கக் கூடாது.

கேள்வி: இதெல்லாம் கஸாலியிடமிருந்து எடுத்ததுதானே?

இஸ்லாமிய அறிஞரான கஸாலி பிறந்தது 1058இல். அவருடைய பெரிய நூல் பாஹ்யாவுக்குப் பிறகு வந்தது. இருவருக்கும் முந்தைய சூஃபி மரபு, அதாவது இஸ்லாமிய ஞான மரபு, பொதுவான ஊற்றாக இருந்தது.

கேள்வி: அப்படியானால் சூஃபிகளிடமிருந்து எடுத்தார். பெயரைச் சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு இல்லையா?

கடுமையான சொல், அதனால் விரிவாகவே சொல்கிறேன். போரிலிருந்து திரும்பும் வீரர்களைப் பார்த்து ஒரு பக்தர், ‘சிறிய போர் முடிந்தது, பெரிய போருக்குத் தயாராகுங்கள்’ என்கிறார். பெரிய போர் மன இச்சையோடு நடப்பது. இஸ்லாமிய மரபில் இது முகமது நபியின் சொல்லாக வழங்குகிறது. பாஹ்யா ‘ஒரு பக்தர்’ என்று மட்டும் எழுதுகிறார். உண்மைதான். ஆனால் பிற இனத்து ஞானிகளின் சொற்களையும் எடுத்தாள்வேன் என்று முன்னுரையிலேயே அறிவித்துவிடுகிறார். பிற இனத்தவரானாலும் அறிவானதைச் சொன்னவர் அறிஞரே என்று யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூதில் வரும் வாக்கையும் துணைக்கு வைக்கிறார். மறைக்க நினைப்பவர் இப்படியா எழுதுவார்?

கேள்வி (அதே நண்பர்): பெயரையும் சொல்லியிருக்கலாமே?

சொல்லியிருக்கலாம். புகழ்பெற்ற யூத அறிஞர் மைமோனிடிஸின் மகன் ஆபிரகாம் எகிப்தில் சூஃபிகளை வெளிப்படையாகவே புகழ்ந்தார். அவர் 1237இல் இறந்தவர், காலமும் இடமும் வேறு. ஆனால் பாஹ்யா கதைகளைத் தொகுத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. எல்லாவற்றையும் தோராவின் கட்டளைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். சூஃபிகளின் கடுந்துறவையும் அப்படியே ஏற்கவில்லை. ஊரை விட்டுக் காட்டுக்குப் போகாமல், மக்களோடு இருந்தபடியே பற்றைக் குறை என்கிறார். இதைப் பார்க்காமல் திருட்டு என்று சொல்வது நியாயமில்லை.

கேள்வி: கபாலாவில் இவர் எந்தப் பிரிவு?

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து மற்ற பதில்களையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அப்போ சடங்கைவிட மனமே உயர்ந்தது, சரிதானே?

இரண்டாம் பதிலை மறுபடி படியுங்கள். இரண்டும் வேண்டும்.

கேள்வி: எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதல் வாயில் தர்க்கம் நிறைந்தது. அதைத் தாண்டிப் போகச் சொன்ன ஆசிரியர்கள் உண்டு. பாஹ்யாவோ, முடிந்தவர் ஆராய்ந்தே தீர வேண்டும் என்கிறார். எட்டாம் வாயிலில் தொடங்குங்கள். தன்னைத்தானே கணக்குக் கேட்பதற்கு அங்கே 30 வழிகள் இருக்கின்றன. ஒரே மூச்சில் படிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் முதல் வாயிலுக்குத் திரும்பலாம்.