குறட்டை நின்றால்தான் பயமாக இருக்கிறது

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, லாரி ஓட்டுகிறார். பல வருடமாகக் குறட்டை. இப்போது குறட்டை நடுவில் திடீரென்று நின்றுவிடுகிறது, மூச்சே இருக்காது. அப்புறம் திணறிக்கொண்டு புரண்டு படுப்பார், மறுபடி குறட்டை. இரவில் மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார், சர்க்கரை இல்லை. இரண்டு மாத்திரை போட்டும் பிரஷர் குறையவில்லை. "அசந்து தூங்குறான், அதான் குறட்டை" என்கிறார் மாமியார். நான் வீணாகப் பயப்படுகிறேனா?
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: இல்லை சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. அவர் அசந்து தூங்கவில்லை. தூங்க முடியாமல் இரவு முழுக்கப் போராடுகிறார், அது அவருக்கே தெரியாது.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்த வழி முழுதாக ஒட்டிக்கொள்ளும். மார்பு மூச்சிழுக்க முயலும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை ஒரு நொடி எழுப்பிவிடும், தொண்டை திறக்கும். நீங்கள் கேட்கும் திணறல் அதுதான். இப்படிப் பத்து நொடியாவது மூச்சு நிற்பது, அல்லது வெகுவாகக் குறைவது, மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் நோய் தீவிரம். தூக்கத்தில் இப்படி மூச்சு நின்று நின்று வருவதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறோம்.

சிறுநீர் விஷயத்தை எழுதினீர்களே, நல்லது. பலர் சொல்லவே மாட்டார்கள். அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது இதயத்தின் மேலறைச் சுவர் இழுபடுகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தவறாக எண்ணி, நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரை இல்லாமலே அவர் எழுவதற்கு இது காரணமாக இருக்கலாம். பிரஷரும் அப்படித்தான். ஒவ்வொரு திணறலிலும் அது எகிறுகிறது, நாளடைவில் பகலிலும் இறங்க மறுக்கிறது. கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கும் பக்கவாதத்துக்கும் வாய்ப்பு கூடும்.

ஆனால் எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை அவர் தொழில். ஸ்டீயரிங் பிடித்தபடி இரண்டு நொடி கண் செருகினால் போதும். பரிசோதனை முடிந்து, சிகிச்சையில் தூக்கக் கலக்கம் தெளியும்வரை வண்டி எடுக்க வேண்டாம். வருமானம் போகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்வார்கள். சிலருக்கு வீட்டிலேயே கருவி மாட்டிப் பார்க்கலாம். நோய் உறுதியானால் பெரும்பாலும் சிபாப் கருவிதான். முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும். 1981-ல் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் இதை உலகுக்குச் சொல்லும்வரை, நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது. முதல் சில வாரம் மூக்கு காயும், எரிச்சல் வரும். கழற்றி எறிந்துவிடாமல், முகமூடி அளவை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எடை இருந்தால் குறைக்க வேண்டும். ஒல்லியாக இருந்தாலும் தாடை சிறியவர்களுக்கு இது வரும். இரவில் மது கூடாது, தானாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரை கூடவே கூடாது. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும். இப்போதைக்கு ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள்.

இன்றிரவே அவர் தூங்குவதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் நீங்களும் கூடப் போங்கள். "நல்லாத்தான் தூங்கறேன்" என்று அவர் சொல்வார். அப்போது அதைக் காட்டுங்கள்.