மச்சுக்குள் மரநாய்

கேள்வி: மயிலாப்பூரில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஒரு மாதமாக இரவில் மச்சுக்குள் தடதடவென்று ஓசை கேட்கிறது. மொட்டைமாடி மூலையில் பழக்கொட்டைகளோடு எச்சம் கிடக்கிறது. மரநாய்தான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நியூ ஜெர்சியிலுள்ள என் மகளோ, ரக்கூன் எச்சம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்று பயமுறுத்துகிறாள். பேரனுக்கு இரண்டு வயது. கூண்டு வைத்துப் பிடித்துவிடலாமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: மகள் சொல்வது அவர் வசிக்கும் ஊருக்கு முற்றிலும் உண்மை. ரக்கூனின் குடலில் வாழும் ஒருவகை உருளைப்புழுவின் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. மண்ணை அளைந்த கையைக் குழந்தை வாயில் வைத்தால் அவை உள்ளே சென்று, அரிதாகவேனும், மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடும். ஆனால் ரக்கூன் வட அமெரிக்க விலங்கு. நம் காடுகளில் அது கிடையாது. உங்கள் மச்சில் இருப்பது, நீங்கள் சொல்லும் அடையாளங்களின்படி, மரநாயேதான். (புனுகுப்பூனை வேறு, இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

அதற்காக அந்த எச்சத்தை அலட்சியமாகக் கையாள வேண்டாம். எந்தக் காட்டு விலங்கின் கழிவிலும் புழு முட்டைகளும் கிருமிகளும் இருக்கலாம். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூசி பறக்கும். தண்ணீர் தெளித்து நனைத்தபின், கையுறையும் முகக்கவசமும் அணிந்து அள்ளுங்கள். அதுவரை பேரனை மாடிக்கு விடாதீர்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது கூண்டு யோசனையைத்தான். மரநாய் தானாக வந்து மனிதரைத் தாக்குவது அபூர்வம். மூலையில் மடக்கினால் கடிக்கும், பிறாண்டும். நம் நாட்டில் வெறிநோய் பெரும்பாலும் நாய்க்கடியால் வருகிறது என்றாலும், பாலூட்டி எதுவும் அதைப் பரப்பக்கூடும். கடிபட்டால் 15 நிமிடங்கள் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'கடித்த விலங்கைப் பத்து நாள் கவனித்துப் பார்ப்போம்' என்ற கணக்கு வீட்டு நாய்க்கும் பூனைக்குமே பொருந்தும். காட்டு விலங்கு கடித்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி) போடுவார்கள். மேலும், மரநாய் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதை நீங்களாகப் பிடிப்பது குற்றம்.

ஓட்டின்மேல் சாய்ந்திருக்கும் கிளைகளை வெட்டுங்கள்; இரவில் பழத்தோலையும் பூனைக்கான சோற்றையும் வெளியே வைக்காதீர்கள். அது இரை தேடப் போனபின் இடைவெளியைக் கம்பிவலையால் அடைக்கலாம், ஆனால் உள்ளே குட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே. குட்டியின் சத்தம் கேட்டால் எதையும் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

மகளிடமும் ஒன்று சொல்லுங்கள்: ரக்கூன் புழு முட்டைகளைப் பிளீச்சிங் பவுடர் கொல்லாது, எச்சம் கிடந்த தரையில் கொதிக்கும் நீரைத்தான் ஊற்ற வேண்டும்.