போனி எம் பாட்டுகள் இன்னும் ஏன் ஓடிக்கொண்டே இருக்கின்றன?

கேள்வி எழுபதுகளின் போனி எம் குழுவைப் பற்றியது: டிஸ்கோ காலமே முடிந்துவிட்டதே, இவர்களை மட்டும் ஏன் இன்னும் கேட்கிறார்கள்?

நான் மதுரைக்காரன். 13 வருடமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். (இங்கே அதற்கு அவுட்பில்டிங் என்று பெயர்.) இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு வருடா வருடம் காதில் விழுகிறது.

நவம்பர் பிறந்தால் போதும், கடைகளில் போனி எம்மின் கிறிஸ்துமஸ் பாட்டுகள் ஆரம்பித்துவிடும். தென்னாப்பிரிக்காவில் இது எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். வெளியே புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. உள்ளே பஞ்சால் பனி செய்து ஒட்டிய மரம், மேலே குழுவின் பாடகி லிஸ் மிட்செலின் குரல். அந்த ஆல்பம் வந்தது 1981இல். நம்மூர்க்காரர்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால், ஆடி மாதத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரி எப்படியோ, இங்கே டிசம்பருக்கு போனி எம் அப்படி. போன வருடம் சலித்துப்போய்த் திட்டியவன்கூட, இந்த வருடம் முதல் தடவை கேட்கும்போது "சரி, லீவு வந்தாச்சு" என்பான்.

ஆனால் இது டிசம்பருக்கு மட்டும்தான் பொருந்தும். இங்கே நம் ஆட்களின் கல்யாண வரவேற்பிலும், 21ஆம் பிறந்தநாள் விருந்திலும் அதே பாட்டுகள்தான். அதற்கு என் வீட்டுக்கார ஆன்ட்டியைத்தான் கேட்க வேண்டும். எழுபது தாண்டியவர். தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். எழுபதுகளில் ஒரு துணி ஆலையில் தையல் மெஷின் ஓட்டியவர். "ரேடியோவுல அந்தப் பாட்டு வந்தா கை தானா ஓடும் தம்பி. தாளமும் மெஷினும் ஒண்ணா போகும்" என்பார். எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. டம், டம், டம், டம் என்று ஒரே சீரான அடி, கூடவே ஏழெட்டுச் சொல்லில் முடிகிற பல்லவி. இங்கிலீஷ் தெரியாதவனும் இரண்டாம் சுற்றில் சேர்ந்து பாடிவிடலாம்.

குழு உருவான கதையே வேடிக்கை. ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மன் தயாரிப்பாளர் 1975இல் ஸ்டுடியோவில் தானே எல்லாக் குரலிலும் பாடி ஒரு பாட்டை வெளியிட்டார். ஒரு ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். பாட்டு ஓட ஆரம்பித்ததும் டிவியில் காட்ட முகம் வேண்டுமே! ஜமைக்காவில் பிறந்த லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், மொன்செராட்டின் மெய்ஸி வில்லியம்ஸ், அரூபாவின் பாபி ஃபாரெல் என்று நால்வர் அமைந்தார்கள். ரெக்கார்டில் பாடியது லிஸ்ஸும் மார்சியாவும், ஆண்குரல் ஃபாரியனுடையது. மேடையில் குதித்து ஆடிய ஃபாரெல் வாயை மட்டும்தான் அசைத்தார்.

இதைச் சொல்லி "இதெல்லாம் ஒரு குழுவா?" என்று என் ஆபீஸ் நண்பன் ஒருமுறை ஆன்ட்டி முன்னால் கிண்டல் செய்தான். ஆன்ட்டி அசரவே இல்லை. "சிவாஜி பாடினாரா? டி.எம்.எஸ். பாடினார், சிவாஜி வாயசைச்சார். அதுக்கு நாங்க கிரே தெரு தியேட்டர்ல வரிசையில நின்னு டிக்கெட் வாங்கலியா?" என்றார். பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த நமக்கு உண்மையில் இது ஒரு குற்றச்சாட்டே இல்லை. (ஃபாரெல் இறந்தது 2010 டிசம்பர் 30, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில். ரஷ்ய மன்னர் குடும்பத்துக்கு நெருக்கமாக இருந்த சாமியார் ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊரில், 1916இல் அதே தேதியில். ரஸ்புடினைப் பற்றிய போனி எம் பாட்டுக்கு ஆடியே பேர் வாங்கிய மனிதர்!)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆகப் பெரிய வெற்றி, 1978இன் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’. மெலோடியன்ஸ் என்ற ஜமைக்கா குழு 1970இல் பாடியதை எடுத்து மறுபடி செய்தது. வரிகள் பைபிளின் 137ஆம் சங்கீதம்: சொந்த மண்ணிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள், அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்கிறார்கள். அதற்குத்தான் உலகமே கைதட்டி ஆடியது. ஆன்ட்டியின் குடும்பம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வாழை போட்டு வாழ்ந்த குடும்பம். நிறவெறிச் சட்டத்தால் அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டவர்கள். ஆன்ட்டியின் அப்பா கோயில் சாமியைத் தவிர வேறு சாமிக்குக் கை கூப்பாதவர். ஆனால் இந்தப் பாட்டு வந்தால் மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்லிவிட்டு, பழைய வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாராம். டர்பன் கடற்கரையையே நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலம் அது. நான்கு கறுப்பர்களின் பாட்டு மட்டும் எல்லா வீட்டுக்குள்ளும் போய்வந்தது.

எல்லாப் பாட்டும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். பாதி வெறும் இரைச்சல். 1986க்குள் குழுவும் கலைந்துவிட்டது. ஆனால் நல்லவற்றை யாராவது தூசி தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2021இல் மெஜஸ்டிக் என்ற பிரிட்டிஷ் டிஜே ரஸ்புடின் பாட்டை ரீமிக்ஸ் செய்தார். டிக்டாக்கில் அதற்கு ஆடாத பையன் இல்லை. ஆன்ட்டியின் பேரனும் ஆடினான். அவர் அலமாரியிலிருந்து 1978இன் எல்.பி. ரெக்கார்டை எடுத்துவந்து, "இதுல இருக்கு பாரு" என்று காட்டினார். அவன் உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஆயா, இவங்களும் அந்தப் பாட்டைப் பாடியிருக்காங்களா?"