கல்யாணப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றின் அளவையும் மொத்தமாகக் குறைப்பது எப்படி?

ஸ்டூடியோவில் கொடுத்த படம் ஒவ்வொன்றும் 8, 10 எம்பி இருக்கிறது, சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொன்றாகத் திறந்து குறைக்க முடியாது என்கிறீர்கள். எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்த வேலை என்னிடம்தான் வரும், அதனால் நான் செய்கிற முறையையே சொல்கிறேன்.

முதலில் ஜிப் செய்கிற யோசனையை விட்டுவிடுங்கள். ஸ்டூடியோ படங்கள் வழக்கமாக வரும் ஜேபெக் (ஜேபிஜி) என்பதே ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு. அதை மறுபடி ஜிப்பில் போட்டால் பெரிதாக ஒன்றும் குறையாது, எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

அளவைக் குறைக்க இரண்டு இடங்களில் கை வைக்கலாம். ஒன்று பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை, இன்னொன்று தரம், அதாவது குவாலிட்டி எண். பலரும் நேராக குவாலிட்டியைப் பாதியாக்கிவிடுகிறார்கள், நான் அதைச் செய்யவே வேண்டாம் என்பேன். உங்கள் கேமரா படம் 6000 × 4000 என்றால் 2.4 கோடி பிக்சல். உறவினர்கள் பார்க்கப்போவது போனிலும் டிவியிலும். ஃபுல் எச்டி டிவியில் இருப்பதே சுமார் 20 லட்சம் பிக்சல்தான். படத்தின் நீளமான பக்கத்தை 2048 ஆக்கினால் மொத்தம் 28 லட்சம் வரும். எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிட்டது, பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குவாலிட்டியை 80, 85-க்குக் கீழே இறக்கத் தேவையே இருக்காது.

குவாலிட்டியை 50-க்குக் கீழே இறக்கிப் பாருங்கள், முதலில் அடிவாங்குவது பட்டுப்புடவை. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. ஜரிகையின் பொடி வேலைப்பாடு, மல்லிகைச் சரம் மாதிரி நுணுக்கமான இடங்களில் அந்தக் கட்டங்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். போதாததற்கு, பொதுவாக நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிப்பார்கள், அதனால் அரக்குச் சிவப்புக் கரை பக்கத்து நிறத்தோடு கலங்கிய மாதிரி ஆகிவிடும்.

சரி, எதில் செய்வது? விண்டோஸ் என்றால் நான் இர்ஃபான்வியூ (IrfanView) என்ற மென்பொருளைத்தான் சொல்வேன். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், 1996-லிருந்து இருக்கிறது, பழைய கணினியிலும் ஓடும். திறந்து 'B' விசையை அழுத்தினால் பேட்ச் கன்வர்ஷன், அதாவது மொத்தமாக மாற்றும் பெட்டி வரும். படங்கள் உள்ள ஃபோல்டரைக் காட்டி 'ஆட் ஆல்' கொடுங்கள். ஃபார்மட் ஜேபிஜி, பக்கத்தில் ஆப்ஷன்ஸில் குவாலிட்டி 82. அப்புறம் 'அட்வான்ஸ்டு' உள்ளே போய் 'லாங் சைட்' என்ற இடத்தில் 2048 போடுங்கள். அகலத்தில் போடாதீர்கள், ஏனென்றால் நின்றவாக்கில் எடுத்த படத்துக்கு அகலம்தான் சின்னப் பக்கம், அது 2048 ஆனால் உயரம் 3072 ஆகி, அந்தப் படங்கள் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக நிற்கும். சின்னப் படங்களைப் பெரிதாக்காதே என்ற டிக்கும், பழைய தேதியை அப்படியே வை என்ற டிக்கும் போட்டுவிடுங்கள். தேதி போய்விட்டால் முகூர்த்தமும் ரிசப்ஷனும் கலந்து, வரிசைப்படுத்துவது பெரும்பாடு.

கடைசியாக, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், வெளியீட்டு ஃபோல்டர் புதிதாக வேறு இடத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மூலப்படங்களை அழித்துவிடு என்று ஒரு டிக் அங்கேயே இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். குறைத்த படத்தைப் பழையபடி பெரிதாக்க வழியே இல்லை. முதலில் நாலைந்து படத்தை மட்டும் ஓட்டி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் மொத்தத்தையும் ஓட விட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்என்கன்வெர்ட் இருக்கிறது, இதே வேலைதான். மேக்கின் பிரிவியூவிலும் எல்லாப் படத்தையும் சேர்த்துத் தேர்ந்து அளவை மாற்றலாம், ஆனால் அது மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும், அதனால் நகலை வைத்துச் செய்யுங்கள். இணையதளங்களில் ஏற்றிக் குறைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இத்தனை ஜிபியை ஏற்ற நேரமும் டேட்டாவும் போகும், வீட்டுப் பெண்கள் குழந்தைகள் படங்களை யாருடைய சர்வரிலோ எதற்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும்?

வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். ஆல்பத்துக்கோ ஃபிரேம் போடவோ யாராவது கேட்டால் மட்டும் இந்தச் சின்னப் படங்களைக் கொடுக்காதீர்கள். 12 × 8 அங்குலப் பிரிண்டுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 3600 × 2400 பிக்சல் வேண்டும், அதற்கு மூலப்படத்தையே டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பிவிடுங்கள்.