அப்பா ஒதுங்கிப் போவது வயதின் இயல்பா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அப்பாவுக்கு 71 வயது. முன்பு வாசிகசாலை, கோயில் கூட்டம் என்று திரிந்தவர் இப்போது படலையைத் தாண்டுவதில்லை, பழைய கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கரண்ட் பில், வங்கி அலுவல் எல்லாவற்றையும் நீங்களே ஏற்று அவருக்கு முழு ஓய்வு கொடுத்திருக்கிறீர்கள். இது வயதின் இயல்பா, உளவியல் என்ன சொல்கிறது?

நான் உளவியல் படித்தவள் அல்ல. திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் அம்மாவோடு இருக்கிறேன். அவருக்கு இப்போது 76. மூன்று வருடத்துக்கு முன் குசினியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் நாங்கள் அவரை அடுப்படிக்கு விடவில்லை. "நீங்கள் பேசாமல் இருங்கோ அம்மா, நாங்கள் பார்க்கிறோம்" என்பதுதான் வீட்டில் எல்லாருடைய வாயிலும். இரண்டு மாதம் போனது. விறாந்தைக் கதிரையில் இருந்து ரோட்டைப் பார்த்தபடியே பொழுதைக் கழித்தார். இன்றைக்கு என்ன கறி வைக்க என்று கேட்டால், "எதெண்டாலும் சரி பிள்ளை" என்பார். மீனின் கண்ணையும் செவுளையும் பார்க்காமல் வாங்காத மனுஷி அவர். அந்தப் பதில் என்னைப் பயமுறுத்தியது. அப்போதுதான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

உங்கள் கேள்வியில் உள்ள எண்ணத்துக்கு ஒரு கோட்பாடே இருந்திருக்கிறது. 1961இல் எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வயதானவர் சமூகத்திலிருந்து மெல்ல விலகுவதும் சமூகம் அவரை விடுவிப்பதும் இயற்கை, இரு பக்கத்துக்கும் நல்லது என்றார்கள். ராபர்ட் ஹாவிகர்ஸ்ட் போன்ற ஆய்வாளர்கள் அதை மறுத்து, ஈடுபாட்டோடு இருப்பவர்களே நிறைவாக முதுமை அடைகிறார்கள் என்றார்கள். விலகல் கோட்பாட்டின் மேல் வந்த பெரிய கேள்வி எனக்கும் சரியாகவே படுகிறது: அவர்கள் தாமாக விலகினார்களா, செய்ய ஒன்றுமில்லாமல் விலக்கப்பட்டார்களா? எங்கள் வீட்டில் விலக்கியது நாங்கள்தான்.

ஆனால் வட்டம் சுருங்குவதெல்லாம் கெட்டதும் அல்ல. லோரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் சொல்வது, மீதமுள்ள காலம் குறைவு என்று உணரும்போது மனிதர் புது ஆட்களின் பழக்கத்தைத் தேடுவதை விட்டு, மனதுக்கு நெருங்கியவர்களோடு இருக்கவே விரும்புகிறார்கள் என்பது. இதற்கு வயதுதான் காரணம் என்றும் இல்லை. 1997இல் ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்படப்போகிறது என்ற நேரத்தில் அங்கே இளையவர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களைத் தெரிவு செய்தார்கள் என்று அவருடைய குழுவின் ஆய்வு காட்டியது. இதை வாசித்தபோது 90ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து இருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அம்மாவுக்கு அப்போது நாற்பது கடந்திருந்தது. எத்தனையோ சனத்துக்கு நடுவில் அவருக்குத் தன் தங்கச்சி எங்கே என்பதுதான் ஒரே கவலை. எனக்குப் பன்னிரண்டு வயது, எனக்கும் அம்மாவின் சேலைத் தலைப்பைத் தவிர வேறொன்றும் தேவைப்படவில்லை. ஆகவே அப்பா பத்துக் கூட்டங்களை விட்டுவிட்டு ஒரு பழைய கூட்டாளியோடு மட்டும் கதைத்துக்கொண்டிருந்தால் கவலைப்படாதீர்கள். அந்த ஒருவரும் வேண்டாம் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. காது கேட்பது குறைந்தாலும் ஆட்கள் கூட்டத்தைத் தவிர்ப்பார்கள், வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள். மனச்சோர்வும் இப்படித்தான் தொடங்கலாம். திரும்பத் திரும்பச் சொல்வதோடு நேற்று நடந்ததும் மறக்கிறது, தெரிந்த வழி தடுமாறுகிறது என்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பழைய கதையை நிறுத்தாதீர்கள். ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இலேயே, முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது மூளை தேய்வதன் அடையாளம் அல்ல, தீராத கணக்குகளை மனம் எடுத்துத் தீர்க்கும் வேலை என்று எழுதினார். இடப்பெயர்வையும் சுனாமியையும் கண்ட எங்கள் ஊர் ஆட்களிடம் தீராத கணக்கு நிறையவே இருக்கிறது.

சரி, எங்கள் வீட்டில் என்ன மாறியது என்று சொல்கிறேன். கனடாவில் இருக்கும் தம்பிக்குக் கறித்தூள் அனுப்ப வேண்டியிருந்தது. நானே வறுக்கத் தொடங்கினேன். மல்லி தாச்சியில் சூடேறிய கொஞ்ச நேரத்தில் விறாந்தையிலிருந்து குரல் வந்தது: "நெருப்பைக் குறை பிள்ளை, செத்தலை இப்ப போட்டிராதே." எழும்பி வந்து, கதிரையை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தார். ஒரு மல்லியை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கிண்டு" என்றார். பெருஞ்சீரகம் எப்போது, வெந்தயம் எவ்வளவு, கறிவேப்பிலை எந்தச் சத்தத்தில் இறக்க வேண்டும் எல்லாம் அவர் சொல்ல, அகப்பை என் கையில்.

ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் அறிவை இரண்டாகப் பிரித்தார். புதுச் சிக்கலை வேகமாக அவிழ்க்கும் திறன் வயதோடு குறைகிறது, அனுபவத்தில் திரண்ட அறிவு நெடுங்காலம் நிற்கிறது. இந்த இரண்டாவதை அடுப்படியில் கண்ணால் கண்டேன். பால் பால்டஸ், மார்கிரட் பால்டஸ் என்ற உளவியலாளர்கள் முதுமைக்குச் சொன்ன வழியும் இதோடு ஒத்துப்போகிறது: சிலதைத் தெரிந்தெடுத்து, அதில் கவனத்தைக் குவித்து, முடியாததற்கு வேறு வழி பிடிப்பது. உதாரணத்துக்கு, பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் முதுமையில் குறைந்த உருப்படிகளையே வாசித்தார், அவற்றைக் கூடுதலாகப் பயிற்சி செய்தார், வேகமான இடத்துக்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்து வேகத்தைக் கூட்டிக் காட்டினார். அம்மாவும் முழுச் சமையலை விட்டுவிட்டார். தூளும் ஊறுகாயும் மட்டும் அவருடைய பொறுப்பு. கோணேசர் கோயில் ஏற்றத்தை நடந்து ஏற முடியாது, வெள்ளிக்கிழமை ஓட்டோவில் போகிறார். ஓட்டோக்காரத் தம்பிக்கு அவரே அழைப்பெடுத்து நேரம் சொல்கிறார், நான் தலையிடுவதில்லை.

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரொடின் என்ற உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வும் இதே பக்கம்தான். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் உங்கள் அலுவல்களை நீங்களே தீர்மானியுங்கள் என்று சொல்லி, பார்த்துக்கொள்ள ஒரு செடியும் கொடுத்தார்கள். இன்னொரு மாடியில் செடிக்குத் தாதியரே தண்ணீர் ஊற்றுவார்கள் என்றார்கள். முதல் மாடிக்காரர்கள் அதிக உற்சாகத்தோடும் விழிப்போடும் இருந்தார்கள்.

உங்கள் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்ட வேலைகளில் கரண்ட் பில்லை மட்டும் இந்த மாதம் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். உதவி கேட்பது போல நடிக்க வேண்டாம், அவர் கண்டுபிடித்துவிடுவார். "அப்பா, இதை இனி நீங்களே பாருங்கோ" என்று பில்லையும் காசையும் கையில் கொடுங்கள். ஒரு நாள் பிந்திக் கட்டினாலும் ஒன்றும் சொல்லாதீர்கள்.