இனிப்பு நீர் (சக்கரை வியாதி) பத்தி கேளுங்க, பினாங்கு பார்மசிஸ்ட் அக்கா பதில் சொல்றேன்

செந்தூல் தம்பி: அக்கா, எனக்கு 34 வயசு, ஒல்லி ஆளு, பிஎம்ஐ (உயரத்துக்கேத்த எடை கணக்கு) 23.5தான். எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சக்கரைய காட்டுற ரத்த டெஸ்ட்) 6.4 சதவீதம் வந்திருக்கு. டாக்டர் இனிப்பு நீர்ங்கிறார், மெல்பர்ன்ல இருக்கிற அண்ணன் 6.5 ஆனாதான்னு சொல்றான். யாரை நம்புறது?

பதில்: ரெண்டு பேரும் சொல்றது சரிதான் தம்பி. வெளிநாட்டுல பெரும்பாலும் 6.5தான் கோடு, நம்ம மலேசியா வழிகாட்டியில 6.3. ஆனா தாகம், அடிக்கடி ஒன்னுக்கு போறதுன்னு ஒன்னும் இல்லன்னா ஒரே டெஸ்ட்ட வச்சு முடிவு கட்டமாட்டாங்க, மறுபடி எடுப்பாங்க. குடும்பத்துல தலசீமியா (பரம்பரையா வர்ற ரத்தக் குறைபாடு) இருந்தா அதையும் சொல்லிடுங்க, எச்பிஏ1சி நம்பரே தப்பா காட்டலாம். அப்புறம் ஒல்லின்னு யாரு சொன்னா? ஆசியக்காரங்களுக்கு பிஎம்ஐ 23லயே ஓவர்வெயிட் ஆரம்பம், வெள்ளக்காரனுக்குத்தான் 25. நம்மாளுக்கு கை கால் குச்சியா இருக்கும், கொழுப்பு பூரா தொப்பைக்குள்ள ஈரல் பக்கம் போய் உக்காந்துக்கும், அப்புறம் இன்சுலின் எப்படி ஒழுங்கா வேலை செய்யும்? டேப் எடுத்து இடுப்ப அளந்து பாருங்க, ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டருக்குள்ள, பொம்பளைக்கு 80க்குள்ள இருக்கணும். 2019 தேசிய சர்வேல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், அதுலயும் இந்தியர்கள்தான் முதல் இடம். இதுக்கு மட்டும் முந்திக்கிறோம் லா.

பட்டர்வொர்த் சகோதரி: மெட்ஃபோர்மின் சக்கரை மாத்திரைய போட்டா கிட்னி போயிடும்னு மாமியார் நிறுத்திட்டாங்க.

பதில்: கிட்னிய கெடுக்கிறது சக்கரைம்மா, மாத்திரை இல்ல. கிட்னி ஏற்கனவே வீக்கானவங்களுக்கு டோஸ குறைப்பாங்க, இல்ல நிறுத்துவாங்க, அதப் பாத்துட்டு ஜனங்க கதைய தலைகீழா சொல்றாங்க. வயித்த கலக்குதுன்னா சாப்பாட்டோட போடச் சொல்லுங்க. ரொம்ப வருஷமா போடுறவங்க, அதுலயும் சைவம்னா, வைட்டமின் பி12 அளவ ஒரு தடவை பாத்துடுங்க.

காவடி எடுக்கிறவர்: கிளிக்கிளசைடு சக்கரை மாத்திரை போடுறேன், தைப்பூச விரதம் இருக்கலாமா?

பதில்: விரதம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர பாருங்கண்ணே. சாப்பிடாம அந்த மாத்திரைய போட்டா சக்கரை சட்டுனு இறங்கிடும். தண்ணீர்மலை முருகன் கோயில் படியில கை நடுங்கி வேர்த்துக் கொட்டுச்சுன்னா வெயில்னு நெனச்சு ஏறிக்கிட்டே இருக்காதீங்க, ரத்தத்துல சக்கரை 3.9 mmol/Lக்கு கீழ இறங்கினா உடனே சீனித்தண்ணி குடிச்சிடணும், முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.

பிரிக்பீல்ட்ஸ் ஆன்ட்டி: தே தாரிக் குராங் மானிஸ் (இனிப்பு கம்மியான பால் டீ) ஓகேவா?

பதில்: அதுலயும் கெட்டிப்பால் இருக்கு ஆன்ட்டி. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் குடிங்க.

அதே ஆன்ட்டி: ஜாமு (மூலிகை மருந்து) பவுடர் ஒன்னு குடிச்சேன், ஒரே வாரத்துல சக்கரை இறங்கிடுச்சு!

பதில்: அதான் பயமே. இந்த மாதிரி சாமான்ல கிளிபென்கிளாமைட்ங்கிற சக்கரை மாத்திரைய அரைச்சு கலந்து பிடிபட்டது உண்டு. பாக்கெட்ல எம்ஏஎல் நம்பர் (அரசாங்க மருந்துப் பதிவு நம்பர்) இருக்கா பாருங்க, இல்லன்னா இன்னைக்கே நிறுத்திட்டு பாக்கெட்டோட கிளினிக் போங்க.