இருவருக்கும் சம்மதம் என்றால் விவாகரத்துக்கு ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: "பேசி முடித்துவிட்டோம், சண்டை ஏதும் இல்லை. மனு எங்கே, எப்படிப் போடுவது? ஆறு மாதக் காத்திருப்பைத் தவிர்க்க முடியுமா?"

தவிர்க்க முடியும், ஆனால் எல்லோருக்கும் அல்ல. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி நடந்த திருமணம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தச் சட்டத்தில், இருவர் சம்மதத்தோடு விவாகரத்து பெறுவதற்கான 13பி பிரிவுதான் உங்களுக்கானது. 1976-ல் சேர்த்தார்கள். சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்த பதிவுத் திருமணம் என்றால் அந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

மனுப் போடும் நாளில் நீங்கள் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் தனித்தனி வீடு என்று பொருளல்ல. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பிரிந்த தேதியை யோசித்து எழுதுங்கள். மனுவில் ஒரு தேதி, ஏற்கெனவே காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் வேறொரு தேதி என்றிருந்தால் நீதிபதி முதலில் கேட்பது அதைத்தான்.

மனுவை, குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே போடுங்கள். இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) என்று எண்ணாகும். திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்று எது வசதியோ அங்கே போடலாம். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, திருமணப் பதிவுச் சான்று, ஆதார் நகல் போதும். பத்திரிகையில் 'செந்தில்', ஆதாரில் 'செந்தில்குமார்' என்று இருந்தால் இரண்டு பெயரையும் மனுவிலேயே 'என்கிற' போட்டு எழுதிவிடுங்கள். இல்லையென்றால் சரிபார்க்கும் கட்டத்திலேயே மனு திரும்பி வரும்.

முதல் முறை இருவரும் நேரில் போய் வாக்குமூலம் தர வேண்டும். நீதிமன்றத்தின் குடும்பநல ஆலோசகரிடமும் அனுப்புவார்கள். சேர்த்து வைக்க முயல்வது நீதிமன்றத்தின் கடமை, அதனால் அதற்குக் கோபப்பட வேண்டாம். பிறகுதான் அந்த ஆறு மாதம். மனு போட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குப் பின், 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து 'இப்போதும் இதே முடிவுதான்' என்று சொல்ல வேண்டும். அதற்குள் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஒருவர் வரவே இல்லை என்றாலும், வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த ஆறு மாதம் கட்டாயமல்ல என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் வாக்குமூலம் முடிந்து ஒரு வாரத்தில், அந்தக் காத்திருப்பிலிருந்து விலக்கு கேட்டுத் தனி மனு போடலாம். அந்தத் தீர்ப்பு எதிர்பார்ப்பது: முதல் வாக்குமூலத்துக்கு முன்பே பிரிந்து மொத்தம் ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை, நிலுவை வழக்குகள் எல்லாம் உண்மையாகவே பேசித் தீர்ந்திருக்க வேண்டும். தருவதா வேண்டாமா என்பது நீதிபதியின் முடிவு. பிரிந்து பதின்மூன்று மாதம்தான் ஆகிறது என்றால் ஆறு மாதம் காத்திருப்பதே நல்லது; விலக்கு மனுவுக்குச் செலவழிப்பது பெரும்பாலும் வீண்.

இந்த வழக்குகள் கெடுவது நீதிமன்றத்தில் அல்ல, ஒப்பந்தத்தின் வாசகத்தில். 'கணவர் 10 லட்சம் தருவார்' என்று மட்டும் எழுதினால் சண்டை நிச்சயம். 'முதல் வாக்குமூலத்தன்று 5 லட்சம், இறுதி வாக்குமூலத்தன்று 5 லட்சம், இரண்டும் மனைவி பெயரில் டிடி' என்று எழுதுங்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டு, பிறகு ஆளைத் தேடி அலைவதும் உண்டு. கடைசியில் தருகிறேன் என்பதை நம்பிக் கையெழுத்துப் போட்டு ஏமாறுவதும் உண்டு. நகை என்றால் எத்தனை பவுன், எந்த நாளில், யார் முன்னிலையில் என்று இருக்க வேண்டும். குழந்தையைப் பார்க்க 'அவ்வப்போது' என்று எழுதாதீர்கள். 'இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை' என்று எழுதுங்கள். பள்ளி விடுமுறைக்குத் தனி வரி. 'குழந்தைக்குப் பணம் வேண்டாம்' என்று அம்மா எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. பராமரிப்பு குழந்தையின் உரிமை.

வீடு இருவர் பெயரில் இருந்தால் ஒப்பந்தத்தில் எழுதுவதோடு விடாதீர்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே, சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கும்போதே, விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்தினருக்கான முத்திரைத்தீர்வைச் சலுகை விவாகரத்துக்குப் பின் கிடைக்காது. வீட்டுக்கடன் தனிக்கதை: நீங்கள் இருவரும் என்ன எழுதிக்கொண்டாலும் வங்கி ஒப்புக்கொள்ளாமல் கடனிலிருந்து ஒருவர் பெயர் போகாது.

கணவரோ அவர் வீட்டாரோ கொடுமை செய்ததாக 498ஏ வழக்கு (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு) இருந்தால் 'வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்ற வரி மட்டும் போதாது. அது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும், புகார் கொடுத்தவர் ஆட்சேபம் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதை எந்தத் தேதிக்குள் தருவார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் இருவரும் எழுதி, நோட்டரி சீல் குத்தினால் திருமணம் முறிந்துவிடாது. அதை நம்பி மறுமணம் செய்தால் அது இருதார மணம்.

தீர்ப்பு வந்ததும் நகல் மனு போட்டு, சான்றளித்த நகல் ஆளுக்குக் குறைந்தது இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்கவும் மறுமணத்தைப் பதிவு செய்யவும் இதைத்தான் கேட்பார்கள். வாங்கியதும் அங்கேயே நின்று பெயர், திருமணத் தேதி, வழக்கு எண் மூன்றையும் சரிபாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தத்துக்கு மறுபடி ஒரு மனு, மறுபடி ஒரு வாய்தா.